கோடைக்காலக் கல்லூரிப் பயிற்சியும் வேப்பமரத்தடியும்: மதுரை வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

மே 4 வாக்கில் அக்கினி நட்சத்திரம் தொடங்கி 28 வாக்கில் கழியும். அந்த நாட்களில் மதுரையில் பகல் பதினொரு மணிக்கு மேல் தெருவில் நடமாடுவோர் மூவகையினர்: பிழைப்புக்குப் போவோர், துக்க வீட்டுக்குப் போவோர், விவரம் தெரியாத வெளியூர்க்காரர். சில ஆண்டுகளாக நாலாவதாக ஒரு வகையும் தட்டுப்படுகிறது. வயது பதினைந்து இருக்கும். தோளில் பை, கையில் தண்ணீர் பாட்டில், முகத்தில் பாதித் தூக்கம். அப்பாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்து ஏதாவது ஒரு கல்லூரி வாசலில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போகிறார்கள். கல்லூரியில் படிப்பவர்களே செமஸ்டரை முடித்துவிட்டு ஊருக்குப் போன பிறகு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை?

'படிக்கப் போகிறார்கள்' என்பது பரவலான கருத்து. இக்கருத்து கொள்ளத்தக்கதன்று என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வு முறை பற்றி ஒரு சொல். வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்பது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. ஆயினும் வாசலுக்கு எதிரே நின்ற வேப்பமரம் வரை செல்ல யாரும் தடை சொல்லவில்லை. ஆய்வுக்கு அதுவே போதுமாயிருந்தது.

எல்லை வகுத்தல்

கோடையில் பிள்ளைகளை வீட்டிலிருந்து அப்புறப்படுத்தும் ஏற்பாடுகள் பல. ரேஸ்கோர்ஸ் நீச்சல் குளம், கராத்தே, கீபோர்டு, ஓவியம், கையெழுத்துத் திருத்தம் ஆகியவை சிறுவர்க்குரியன, அவற்றை விலக்குகிறோம். பதினொன்றாம் வகுப்பு முடித்தவர்களையும் விலக்க வேண்டியிருக்கிறது. அவர்களுக்குப் பல தனியார் பள்ளிகளில் மே மாதமே ப்ளஸ் டூ பாடம் தொடங்கிவிடும். கோடையில் சிறப்பு வகுப்பு நடத்தக் கூடாது என்று கல்வித்துறை ஆண்டுதோறும் எச்சரிக்கும். வகுப்பும் ஆண்டுதோறும் நடக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்வதில்லை. ப்ளஸ் டூ முடித்தவர்களோ நீட் கோச்சிங்கிலோ கலந்தாய்வுக் கவலையிலோ இருப்பார்கள்.

எஞ்சுவது ஒரே உயிரினம்: பத்தாவது எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளை. ஏப்ரல் நடுவில் பரீட்சை முடிந்து ஜூனில் பள்ளி திறக்கும் வரை இதற்கு எந்தக் கடமையும் இல்லை. தமிழ்நாட்டில் ஒரு மனிதப்பிறவிக்குக் கிடைக்கும் கடைசி ஓய்வு இதுதான். சும்மா இருப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க நம் பெற்றோரால் முடியாது. ஸ்போக்கன் இங்கிலீஷ், பைதான், ரோபோட்டிக்ஸ், டேலி என்று நோட்டீஸ் வருகிறது. இடம் கல்லூரி என்றால் கௌரவமும் கூடுகிறது.

தோற்றம்

இவ்வழக்கத்தின் வேர் எங்கே? உள்ளூர்ப்பற்று மிக்கோர் சமண முனிவர்களிடமிருந்து தொடங்க ஆசைப்படலாம். யானைமலை, கீழக்குயில்குடி, மாங்குளம் என்று மதுரையைச் சுற்றிய குன்றுகளில் அவர்கள் வாழ்ந்த குகைகள் இருக்கின்றன. வழவழப்பான கற்படுக்கைகளும் இருக்கின்றன. வகுப்பில் தூங்கும் மரபின் தொன்மைக்கு இது நல்ல சான்று. ஆனால் சமண முனிவர் ஊர் சுற்றாமல் ஓரிடத்தில் தங்கியது மழைக்காலத்தில், கோடையில் அன்று. ஆகவே இக்கொள்கை விழுந்தது.

அமெரிக்கக் கொள்கையினர் வேறொன்று சொல்வர். ஹார்வர்டில் 1871 முதலே கோடை வகுப்பு நடக்கிறது. இன்று பள்ளி மாணவர்களும் அங்கே போய்க் கல்லூரிப் பாடம் படிக்கலாம். மதுரையிலும் அமெரிக்க மிஷனரிகள் 1881இல் பசுமலையில் ஒரு கல்லூரியைத் தொடங்கினார்கள். அதுவே பின்னர் தல்லாகுளத்துக்கு வந்து செங்கல் சிவப்பில் நிற்கும் அமெரிக்கன் கல்லூரி. எனவே வழக்கமும் கப்பலில் வந்திருக்கும் என்பது அவர்கள் துணிபு. இதில் ஒரு சிக்கல் உண்டு. அங்கே கோடை என்பது வெயில் காயும் காலம்; இங்கே வெயிலுக்கு ஒளியும் காலம். அதைவிடப் பெரிய சிக்கல், அங்கே கோடையில் முடித்த பாடம் கிரெடிட்டாகக் கணக்கில் ஏறும்; கல்லூரி விண்ணப்பத்திலும் எழுதிக்கொள்ளலாம். நம்மூர்ப் பொறியியல் கலந்தாய்வோ 200க்கு எவ்வளவு கட்-ஆஃப் என்பது ஒன்றையே பார்க்கும். லேமினேட் செய்த ரோபோட்டிக்ஸ் சான்றிதழுக்கு அதில் கால் மார்க்கும் கிடையாது. பயனில்லாத ஒன்றுக்காக மதுரைக்காரர் பெட்ரோல் செலவழிக்க மாட்டார். ஆக, சான்றிதழ் காரணமன்று என்பது இங்கேயே பெறப்படும்.

நம்பத்தக்க முன்னோடிகள் இரண்டு. ஒன்று பி.யூ.சி. 1978 வரை பள்ளி பதினோரு வகுப்போடு முடிந்தது; எஸ்.எஸ்.எல்.சி. தேறியதும் ஓராண்டு பி.யூ.சி. படிக்கக் கல்லூரிக்குத்தான் போக வேண்டும். இன்று ப்ளஸ் டூ படிக்கிற வயதுப் பிள்ளைகள் அன்று தியாகராசர் கல்லூரியிலும் லேடி டோக்கிலும் பாத்திமாவிலும் 'காலேஜ் ஸ்டூடன்ட்' என்று நடந்தார்கள். 1978இல் மேல்நிலைப் படிப்பு பள்ளிக்குப் போனதும் அந்த அந்தஸ்து ஒரு வருடம் தள்ளிப்போய்விட்டது. அன்று பறித்ததைக் கோடையில் மட்டும் வாடகைக்குத் திருப்பித் தருகிறார்கள் என்று கொள்ள இடமுண்டு.

மற்றொன்று டைப்ரைட்டிங். பத்தாவது முடித்த கோடையில் மாடிப்படி ஏறி இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்தால் ஆகஸ்ட் பரீட்சைக்கு லோயர் எழுதிவிடலாம்: நிமிடத்துக்கு 30 சொல். ஹையர் என்றால் 45. "லோயர் முடிச்சிட்டானா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒரு தலைமுறை மதுரையில் எந்தக் கல்யாண வீட்டிலும் சாப்பிட்டதில்லை. அந்தச் சான்றிதழுக்கு அரசு வேலையில் மரியாதை இருந்தது, இன்றும் இருக்கிறது. அதனால் அப்பா கூட வந்து காத்திருக்கவில்லை. பிள்ளை தானாகப் போய்த் தானாக வந்தது. இந்த வேறுபாட்டைக் குறித்துக்கொள்க.

திணை

நிலம் வறண்டிருக்கிறது; பொழுது வேனில், நண்பகல். முதற்பொருள் பாலைக்குரியது. குறிஞ்சியும் முல்லையும் கோடையில் காய்ந்தால் பாலையாகிவிடும் என்று சொல்லும் இடம் சிலப்பதிகாரத்தில் மதுரைக் காண்டத்திலேயே வருவதால், ஊர்ப் பொருத்தமும் உண்டு. உரிப்பொருள் பிரிவு. பிரிவது பிள்ளையும் செல்போனும். வகுப்பில் போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள் என்று கேள்வி. சுரம் போன பிள்ளையை நினைத்து வருந்தும் நற்றாய் மட்டும் பழைய மரபுப்படி வீட்டில் இல்லை, மரத்தடியில் இருக்கிறாள். இங்கேதான் நம் ஆய்வு கருவை எட்டுகிறது.

மரத்தடி

ஒன்பதரைக்கு வகுப்பு, பன்னிரண்டரைக்கு விடுதலை. இடையில் வீட்டுக்குப் போய்த் திரும்பினால் இரண்டு முறை வெயில். ஆகவே சிலர் போவதில்லை. முதல் நாள் அவரவர் வண்டி மேல் அவரவர் உட்கார்ந்து போனைப் பார்ப்பார்கள். இரண்டாம் நாள் நிழல் நகர நகர வண்டிகள் நெருங்கும். மூன்றாம் நாள் பேச்சு பிறக்கும். முதல் கேள்வி எப்போதும் "பையன் எந்த ஸ்கூலு?" இரண்டாவது கேள்வி, ஏறத்தாழ மூச்சு விடாமல், "என்ன குரூப்பு எடுக்கப் போறான்?"

பத்தாவது முடித்த பிள்ளையின் பெற்றோருக்கு அந்தக் கோடையில் இருப்பது ஒரே வேலை, ப்ளஸ் ஒன்னுக்குக் குரூப் தேர்வது. கணக்கோடு சேர்ந்த பயாலஜியா, ப்யூர் சயின்ஸா, கம்ப்யூட்டரா, அக்கவுண்ட்ஸா? சேர்ந்த பிறகு மாற்றுவது கடினம். ஆனால் இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு வகுப்பும் எங்கும் கிடையாது. மரத்தடியில் உண்டு. அதற்கு ஒரு பேராசிரியரும் உண்டு. மூத்த பிள்ளையை இன்ஜினியரிங்கில் சேர்த்துவிட்டு இளையதோடு வந்திருப்பவர் யாரோ, அவரே. மற்றவர்கள் உட்கார்ந்திருக்க அவர் மட்டும் நிற்பார். இவ்வாய்வாளர் கண்டவர் இரும்புக் கடைக்காரர். ஒரு பில்லைக் கிழித்து அதன் முதுகில் எழுதிக் காட்டினார். கணக்கு நூறு அப்படியே. பிசிக்ஸில் பாதி, கெமிஸ்ட்ரியில் பாதி. கூட்டினால் 200. சுற்றியிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு அம்மா போட்டோ எடுத்துக்கொண்டார்.

"அண்ணே, பயாலஜி எடுத்தா இன்ஜினியரிங்கும் போகலாம்ல?"

"போகலாம்க்கா. கணக்கு சேர்ந்த பயாலஜியா கேட்டு வாங்கணும். ப்யூர் சயின்ஸுன்னு போட்டுட்டா கணக்கு கெடையாது, அப்புறம் வந்து அழுகக் கூடாது."

"எங்க வீட்ல கம்ப்யூட்டர்ங்கிறாரு."

"பிள்ளை என்னங்குது?"

"அதுகிட்ட இன்னும் கேக்கல."

ஆக, நம் முடிபு இதுவே: கோடைக்காலக் கல்லூரிப் பயிற்சியில் பயில்பவர் பெற்றோர். பிள்ளை உள்ளே வைத்திருக்கும் ஈடு.

மூத்த பிள்ளைக்குக் கற்றதே போதாதா, ஏன் திரும்பத் திரும்பக் கற்க வேண்டும் என்று வினவினால், விதிகள் நிற்பதில்லை என்க. தொழிற்படிப்புக்கான மாநில நுழைவுத் தேர்வு 2007இல் போயிற்று. 2017இல் நீட் வந்து பயாலஜி குரூப்பின் பொருளே மாறிற்று. 2018இல் ப்ளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் அதை எடுத்துவிட்டார்கள். மருத்துவ இடங்களில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. மூத்தவனுக்கும் இளையவளுக்கும் நாலு வயது வித்தியாசம் என்றால் அவர்கள் வெவ்வேறு யுகத்தில் பரீட்சை எழுதுகிறார்கள். சித்தப்பா, பெரியப்பா சொல்லும் யோசனைகள் பெரும்பாலும் முந்தைய யுகத்தவை.

மறுப்பும் அதற்கு விடையும்

எல்லாக் கோடைப் படிப்பும் இப்படியா என்று கேட்கலாம். இல்லை. இஸ்ரோ 2019இல் தொடங்கிய யுவிகா ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைத் தன் மையங்களில் தங்கவைத்து விண்வெளி அறிவியல் சொல்லித்தருகிறது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் முகாமில் பதினொன்றாம் வகுப்பு அறிவியல் மாணவர் கல்லூரி ஒன்றில் விஞ்ஞானிகளோடு சில நாள் இருக்கலாம். இவற்றில் பிள்ளை உண்மையாகவே எதையோ கற்றுக்கொண்டு வருகிறது. பெற்றோர் காத்திருக்க மரமும் இல்லை. இவை நம் முடிபை வலுப்படுத்துகின்றனவே தவிர மறுக்கவில்லை.

புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் வேறு வகைச் சவால். ஏசி உண்டு, கட்டணம் இல்லை. பெற்றோர் அங்கே போய் உட்காரலாமே? போகலாம். ஆனால் நூலகத்தில் பேசக் கூடாது.

கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. அதை இக்கட்டுரையாளரால் தள்ள முடியவில்லை. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்தும் மேலூர்ப் பக்கத்திலிருந்தும் ஒன்றிரண்டு பிள்ளைகள் பஸ் மாறித் தனியே வந்தார்கள். ஒரு பெண்ணின் விரல் நுனிகள் பச்சையாய்க் கறுத்திருந்தன. கோடை மல்லிகைக்கு உச்சப் பருவம். வெயில் ஏறுமுன் மொட்டுப் பறித்துக் கொடுத்துவிட்டு, முகம் கழுவி, பஸ் ஏறியிருக்கிறாள். அந்தப் பூவுக்கு 2013இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. அவளுடைய அப்பா மரத்தடியில் இல்லை. அவர் காட்டில் நிற்கிறார். உள்ளே அவளுக்குக் கிடைத்தது பைதான். வெளியே கிடைத்த பாடம் அவள் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. அரசு 2022இல் தொடங்கிய 'கல்லூரிக் கனவு' நல்ல ஏற்பாடு. ஆனால் அது ப்ளஸ் டூ முடித்தவர்களைக் கூட்டி வைத்துப் பேசுகிறது. குரூப் தவறியிருந்தால் அது தவறி அதற்குள் இரண்டு வருடமாகியிருக்கும்.

பரிந்துரைகள்

மரத்தடியில் நாலு பெஞ்சும் ஒரு பானைத் தண்ணீரும் வைக்கலாம். பெற்றோருக்கு வருகைப் பதிவேடு வேண்டும். ஒன்பதரை மணிக்கு மட்டுமாவது வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவைத்து, தனியே வரும் பிள்ளைகளை முதலில் மரத்தடிக்கு அனுப்பிவிட்டுப் பிறகு உள்ளே விடலாம். இரும்புக் கடைக்காரரைக் கௌரவ விரிவுரையாளராக நியமிக்கலாம்; சம்பள விவரத்தை முன்கூட்டிச் சொல்லாதிருப்பது நல்லது.

பின்னிணைப்பு

கட்டுரை முடிந்த பின் கிடைத்த தரவு ஒன்று. பயாலஜிக்கும் கம்ப்யூட்டருக்கும் அத்தனை பேருக்கு வழி சொன்ன அதே இரும்புக் கடைக்காரரின் இளைய மகள், கடைசி நாள் வகுப்பு விட்டு வந்து, தான் அக்கவுண்ட்ஸ் குரூப் எடுக்கப் போவதாக அவரிடம் சொன்னாள். கூட்டத்தில் இரண்டு நிமிடம் பேச்சில்லை. பிறகு அவர் இன்னொரு பில்லைக் கிழித்து, சி.ஏ. பவுண்டேஷனுக்குப் பத்தாவது முடித்ததுமே பதிவு செய்துவைக்கலாம், பரீட்சையை ப்ளஸ் டூவுக்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று எழுத ஆரம்பித்தார்.