தில்லியில் வெயில் காய்தல்: ஒரு மதராசியின் முதற்கட்ட ஆய்வறிக்கை

1. ஆய்வின் தேவை

தில்லியைப் பற்றி வெளியூர்க்காரர்கள் எழுதாத விஷயம் பாக்கியில்லை. குதுப்மினார், பராட்டா, அரசியல், காற்று மாசு, ஆட்டோ மீட்டர் என்று எல்லாவற்றுக்கும் நிபுணர்கள் இருக்கிறார்கள். ஆனால் டிசம்பர் நடுவில் தொடங்கி பிப்ரவரி முதல் வாரம் வரை, பகல் பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில், இந்த ஊர் கூட்டாக ஒரு காரியம் செய்கிறது. வெயிலில் உட்கார்ந்திருக்கிறது. இவ்வளவு பெரிய சமூக இயக்கத்துக்கு உரிய கல்விப்புல மரியாதை இன்னும் கிடைக்கவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. ஆய்வாளரின் தகுதி

வெயிலை ஆராயத் தமிழரைவிடத் தகுதியானவர் கிடையாது. பிறந்தது முதல் அதனிடமிருந்து ஓடிக்கொண்டிருப்பவர் அவர். பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது என்பதை ஏறுவதற்கு முன்பே கணித்துவிடுவார்.

இவர் தில்லிக்குப் புதியவரும் அல்லர். 1911-இல் தலைநகர் கல்கத்தாவிலிருந்து மாறும் என்ற அறிவிப்பு வந்த பின், சர்க்கார் காகிதங்களோடு குமாஸ்தாக்களும் வந்தார்கள். தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளின் வரலாறு 1923-இல் தொடங்குகிறது. தமிழ்ச் சங்கம் 1946-இல் பிறந்தது. ஆர்.கே.புரம் மலை மந்திரில் 1973-இல் குடமுழுக்கு நடந்தது. ஆனாலும் மூன்றாம் தலைமுறைத் தில்லித் தமிழரிடம் சொந்த ஊர் எது என்று கேளுங்கள். அவர் பார்த்தேயிராத ஒரு கும்பகோணத்துப் பக்கத்துக் கிராமத்தைத்தான் சொல்வார். ஊருக்குள் இருந்தும் ஊராரில் சேராத இந்த நிலை, ஆய்வுக்கு மிக உகந்தது.

3. வானியல் அடிப்படை

தில்லி கடகரேகைக்கு வடக்கே இருக்கிறது. ஆகவே இங்கே சூரியன் ஆண்டின் எந்த நாளிலும் நேர் உச்சிக்கு வருவதில்லை. சென்னையிலோ ஏப்ரல் கடைசியில் ஒருமுறை, ஆகஸ்ட் நடுவில் ஒருமுறை மண்டைக்கு நேரே வந்து நின்றுவிட்டுப் போகிறது. தமிழருக்கும் சூரியனுக்கும் இடையிலான பழைய பகையின் பூகோளக் காரணம் இதுதான்.

டிசம்பர் 21 நண்பகலில் தில்லிச் சூரியன் தொடுவானத்திலிருந்து 38 டிகிரி உயரத்தில், தெற்கே சாய்ந்து நிற்கிறது. பத்து மீட்டர் உயரக் கட்டடத்தின் நிழல் அப்போது ஏறக்குறைய 13 மீட்டர் நீளும். அதே நாளில் அதே கட்டடம் சென்னையில் இருந்தால் நிழல் ஏழரை மீட்டர்தான். அதாவது, குளிர்காலத் தில்லியில் நிழல் தாராளம், வெயில் தட்டுப்பாடு. வாடகை விளம்பரத்தில் தெற்கு பார்த்த பால்கனி ஒரு பெருமைக்குரிய அம்சமாவது இதனால்தான்.

இதோடு ஒரு கட்டுமானக் காரணமும் உண்டு. தில்லி வீடுகள் மே மாதத்தை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. மொசைக் தரை, உயர்ந்த கூரை, சந்துள்ள கதவுகள். 2021 புத்தாண்டு அதிகாலையில் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1.1 டிகிரி பதிவானது. அந்தக் குளிர் சுவருக்குள் புகுந்தால் எளிதில் வெளியேறாது. நண்பகலில் வீட்டுக்குள் சால்வை, வெளியே சட்டை என்ற தலைகீழ் நிலைமை உண்டாகிறது. எனவே மக்கள் வெயிலைத் தேடிப் போகிறார்கள் என்பது பாதி உண்மை. வீட்டைவிட்டுத் தப்பி வருகிறார்கள் என்பது மீதி.

4. வகைப்பாடு

அ) மொட்டைமாடியார்: கயிற்றுக் கட்டில், ரஜாய்ப் போர்வை, பாட்டி, ஊறுகாய் ஜாடி ஆகிய நான்கும் ஒரே வரிசையில் காயும்.

ஆ) பூங்காவினர்: ஞாயிற்றுக்கிழமைகளில் லோதி தோட்டத்திலும் இந்தியா கேட் புல்வெளியிலும் தென்படுவர். வேர்க்கடலையும் கின்னோ ஆரஞ்சும் இவர்களுடைய இன்றியமையாக் கருவிகள். உரித்துக்கொண்டே இருப்பதால் சும்மா இருக்கிறோம் என்ற குற்றவுணர்வு எழுவதில்லை. பட்டாணி உரிக்கும் மாமிகளும் இக்கொள்கையினரே.

இ) அரசாங்கத்தார்: மத்திய அரசு அலுவலகங்களின் புல்வெளியில் உணவு இடைவேளையைக் கழிப்பவர். இடைவேளை விதிப்படி அரை மணி. வெயிலின்படி அது வேறு. 2014-இல் ஆதார் வழி வருகைப் பதிவு வந்தது. உள்ளே வந்த நேரமும் வெளியே போன நேரமும் அதில் ஏறுகின்றன. இடைப்பட்ட புல்வெளிக் காலத்தைப் பற்றி அக்கருவி மௌனம் சாதிக்கிறது.

ஈ) காவலாளிகள்: பங்களா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியோடு இருப்பவர். சூரியன் நகர நகர நாற்காலியும் நகரும். பிற்பகல் மூன்று மணிக்கு அவர் காவல் காப்பது பெரும்பாலும் அடுத்த வீட்டை.

5. தமிழர் உருமாறும் மூன்று கட்டங்கள்

முதற்கட்டத்தில் அவர் வழக்கப்படி நிழலில் உட்கார்ந்து, பல் கிடுகிடுக்க, இந்த ஜனங்களுக்கு என்ன ஆயிற்று என்று யோசிக்கிறார்.

இரண்டாம் கட்டத்தில் தாம் போகாமல் தம் பொருள்களை அனுப்புகிறார். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். தில்லியில் மாதக்கணக்கில் அது குப்பிக்குள் வெள்ளைக் கட்டி. இட்லி மாவோ ராத்திரி முழுக்கக் காத்தாலும் பொங்காது. ஆகவே காலையில் எண்ணெய்க் குப்பியும், கம்பளி சுற்றிய மாவுப் பாத்திரமும் பால்கனிக்கு வருகின்றன. பெயர்ப்பலகை இல்லாத குடியிருப்பில் தென்னாட்டார் வீட்டைக் கண்டுபிடிக்க இதைவிட நம்பகமான தடயம் இல்லை. குப்பிக்குரியவர் தமிழரா மலையாளியா என்பதை மட்டும் தடயத்தால் தீர்மானிக்க இயலாது. அக்கம்பக்கத்தார் இருவரையும் மதராசி என்றே அழைப்பதால் அந்தச் சிக்கலும் எழுவதில்லை.

மூன்றாம் கட்டத்தில் மாவுக்குக் காவலாக அவரும் வந்து உட்காருகிறார். இங்கேதான் ஆய்வின் மையக் கண்டுபிடிப்பு நிகழ்கிறது. வருஷம் முழுக்கப் படிக்கட்டில் தலையசைப்போடு நின்றுவிட்ட எதிர்வீட்டு வர்மாஜி, வெயிலில் முதல் முறையாக வாய் திறக்கிறார். சம்பளம் எவ்வளவு, பெண்ணுக்கு எப்போது கல்யாணம், மதராஸில் தினமும் இட்லிதானா என்று விசாரிக்கிறார். தமிழர் தம் ஓட்டை இந்தியில் பதில் சொல்கிறார். வேர்க்கடலை கைமாறுகிறது. அரசுக் குடியிருப்பில் வீடுகளைச் சம்பளப்படி டைப் ஒன்று, டைப் இரண்டு என்று பிரித்திருக்கிறார்கள். வெயிலுக்கு அப்படி டைப் கிடையாது. செக்ஷன் ஆபீசரும் பியூனும் ஒரே மதிலில் முதுகைச் சாய்க்கலாம்.

6. ஆட்சேபங்களும் பதில்களும்

மருத்துவ ஆட்சேபம்: இவ்வளவு வெயில் காய்ந்தும் தில்லிவாசிகளுக்கு வைட்டமின் டி குறைவாமே? உண்மைதான். எய்ம்ஸ் மருத்துவர்கள் 2000-இல் வெளியிட்ட ஆய்வில் ஆரோக்கியமான தில்லிக்காரர்களிடமே அக்குறை தெரிந்தது. வெளியில் பயிற்சி செய்யும் ராணுவ வீரர்கள் மட்டும் தேவலையாக இருந்தார்கள். காரணம் தேட வேண்டியதில்லை. குரங்குக் குல்லா, மஃப்ளர், ஸ்வெட்டர், சாக்ஸ் சகிதம் வெயில் காய்பவரின் உடம்பில் சூரியன் நேரே தொடுவது மூக்கு நுனியை.

சமய ஆட்சேபம்: பொங்கலன்று சூரியனே வராவிட்டால்? ஜனவரி நடுவில் மூடுபனி அடிக்கடி அப்படிச் செய்யும். தில்லித் தமிழர் உத்தேசமாகக் கிழக்கைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, பானையை இறக்குவார். அன்று ஒருநாள்தான் சூரியன் வரட்டும் என்று அவரும் வர்மாஜியும் ஒரே குரலில் வேண்டுகிறார்கள்.

சட்ட ஆட்சேபம்: வெயில் யாருடைய சொத்து? 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் 15-ஆம் பிரிவின்படி, ஒரு கட்டடத்துக்கு இருபது ஆண்டு இடையூறின்றி உரிமையோடு வந்த வெளிச்சத்தை யாரும் தடுக்க முடியாது. இச்சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த பகுதிகளில் நம் சென்னை மாகாணமும் ஒன்று. வெயிலுக்கு வழக்காடும் உரிமை முதலில் வெயிலை வெறுத்தவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் சட்டம் பேசுவது கட்டடத்தின் வெளிச்சத்தைப் பற்றி. கயிற்றுக் கட்டிலைப் பற்றி அல்ல.

7. முடிவும் பரிந்துரையும்

இந்தக் கடைசி ஆட்சேபம் விளையாட்டல்ல. சரோஜினி நகர், நேதாஜி நகர் உட்பட ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்து உயரமாகக் கட்ட 2016-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதற்காக வெட்டப்படவிருந்த மரங்களைக் காக்க 2018-இல் மக்கள் திரண்டார்கள். தில்லி உயர் நீதிமன்றமும் வெட்டுவதை நிறுத்தி வைத்தது. நல்லது. வெயிலுக்காகத் திரண்டவர் இல்லை. கட்டடம் ஐந்து மடங்கு உயர்ந்தால் டிசம்பர் நிழலும் ஐந்து மடங்கு நீளும். அந்த நிழலில் வர்மாஜியும் தமிழரும் மறுபடி தலையசைப்போடு நின்றுவிடுவார்கள்.

ஆகவே, வரைபடம் போடும் பொறியாளர்களுக்கு இக்கட்டுரையாளரின் பரிந்துரை: காருக்கு இடம் ஒதுக்குவதற்கு முன், டிசம்பர் 21 நண்பகலில் வெயில் விழும் ஒரு துண்டு நிலத்தை முதலில் குறித்து, அதில் எதையும் கட்டாதீர்கள். புதிதாக வந்திறங்கும் தமிழருக்கு ஒரு வார்த்தை: ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும் உங்களைத் தில்லிக்காரர் ஆக்கிவிடாது. யாரும் சொல்லாமல், பேச்சை நிறுத்தாமல், வெயிலோடு நாற்காலியை நகர்த்துகிறீர்களா? அன்றோடு நீங்கள் இந்த ஊர்க்காரர்.