கிழக்கு இல்லாத கோறளைப்பற்று

இலங்கையின் கிழக்கு மாகாணத்திலுள்ள கோறளைப்பற்றைக் கூறு போட்டவர்கள் திசையறிந்தவர்கள். வடக்குக்கு வாகரை, மேற்குக்கு ஓட்டமாவடி, நடுவில் மத்தி, அடைமொழி இல்லாமல் வாழைச்சேனை, தெற்குக்குக் கிரான். கிழக்கை மட்டும் விட்டுவிட்டார்கள். அங்கே கடல், மீனுக்கு வாக்குரிமை கிடையாது.

கிரானில் பிரதேச செயலகம் இருக்கிறது, தனிப் பிரதேச சபை இல்லை. சபை வேண்டுமென்றால் வாழைச்சேனைப் பக்கம் பார்க்க வேண்டும். செயலகம் கொழும்பின் பிள்ளை, சபை மாகாணத்தின் பிள்ளை. மாரியில் வெள்ளம் புலிபாய்ந்தகல் வீதியை மூடும்போது இந்த இரண்டு பிள்ளைகளில் யாரைக் கூப்பிடுவது என்று சனம் யோசிக்கிறதில்லை. படகைத்தான் கூப்பிடும்.

2023 மார்ச்சில் பிரதேச சபைகளின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தலுக்குக் காசில்லை என்றது அரசு. 2025 மே 6இல் தேர்தல் நடந்து புதிய சபைகள் கூடும்வரை உறுப்பினர் எவருமின்றிச் செயலாளர்களே சபைகளை நடத்தினார்கள். தீர்மானத்துக்கு எதிர்ப்பில்லை, வெளிநடப்பில்லை. இப்படியொரு ஒற்றுமையைத் தமிழ்க் கட்சிகள் கண்டதே இல்லை.

பிரதேச சபைகளுக்கு அப்போதாவது தேர்தல் வந்தது. அவற்றை மேற்பார்க்க வேண்டிய கிழக்கு மாகாண சபை 2017 செப்டம்பரில் கலைந்தது; 2025 முடியும்வரை அதற்குத் தேர்தல் நடக்கவில்லை.