கார்னரின் முழங்கால்: ஒரு மூலபாட ஆய்வு

1982 நவம்பர் 20, சனிக்கிழமை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகர விளையாட்டரங்கில் டுவைட் கார்னர் என்ற மாணவரின் முழங்கால் தரையில் பட்டதா, படவில்லையா? நாற்பது ஆண்டுகள் கடந்தும் தீராத இந்த வினாவுக்கென்று உலகின் எந்தப் பல்கலைக்கழகமும் இன்னும் தனித்துறை தொடங்கவில்லை. அந்தக் குறையை இயன்றவரை போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். முழங்கால் ஒன்றுதான், பாடபேதங்கள்தான் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன.

முதலில் களம். பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகமும் வளைகுடாவுக்கு அக்கரையில் உள்ள ஸ்டான்ஃபோர்டும் 1892 முதல் அமெரிக்கக் கால்பந்தில் மோதிவருகின்றன. ரசிகர்கள் இந்த ஆட்டத்தை ‘பிக் கேம்’ என்பார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த முதல் ஆட்டத்துக்கு இரு அணிகளும் வந்தன, கூட்டமும் வந்தது, பந்தை மட்டும் யாரும் கொண்டுவரவில்லை. எங்கிருந்தோ பந்து வந்துசேரும் வரை எல்லாரும் காத்திருந்தார்கள். ஸ்டான்ஃபோர்டு 14–10 என்று வென்றது. அன்று அந்த அணியின் மேலாளராக இருந்ததாகச் சொல்லப்படும் மாணவர் ஹெர்பர்ட் ஹூவர். பின்னாளில் அமெரிக்க அதிபரானார். பந்தை மறந்த நிர்வாகத்துக்கும் அவர் ஆட்சியில் வந்த பொருளாதாரப் பெருவீழ்ச்சிக்கும் தொடர்பு உண்டா என்பது இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது. பெர்க்லிக்காரர்கள் உண்டு என்றே சொல்லக்கூடும்.

இனி மூலபாடம். ஆட்டம் முடியும் தறுவாயில் பெர்க்லி 19–17 என்று முன்னிலையில் இருந்தது. ஸ்டான்ஃபோர்டின் குவார்ட்டர்பேக் ஜான் எல்வே, சொந்த எல்லைக்கு 13 கஜம் முன்னால், நான்காவதும் கடைசியுமான வாய்ப்பில், 17 கஜம் தேவைப்பட்ட நிலையில் 29 கஜத்துக்கு ஒரு பந்தை எறிந்து அணியை உயிர்ப்பித்தார். படிப்படியாக முன்னேறி, 8 விநாடி மீதி இருக்கும்போது டைம் அவுட் கேட்டார். மார்க் ஹார்மன் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்தார். 20–19. மீதி 4 விநாடி. ஸ்டான்ஃபோர்டு வீரர்கள் களத்துக்குள் ஓடிவந்து கொண்டாடியதற்கு 15 கஜம் தண்டனை விழுந்தது. அதனால் அடுத்த உதையை இன்னும் பின்னாலிருந்து உதைக்க வேண்டியதாயிற்று. அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தரையோடு வந்த பந்தை எடுத்தவர் பெர்க்லியின் கெவின் மோயன். விதிப்படி பந்தை முன்னோக்கி எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோ எத்தனை முறை வேண்டுமானாலும் கைமாற்றலாம். ஆனால் பந்தை வைத்திருப்பவரின் முழங்கால் தரையில் பட்டால் ஓட்டம் அங்கேயே முடிந்துவிடும். மோயன் ரிச்சர்ட் ரோஜர்ஸுக்கு எறிந்தார். ரோஜர்ஸ் கார்னருக்கு. கார்னரை ஸ்டான்ஃபோர்டு ஆட்கள் ஈயாக மொய்த்துக்கொண்டார்கள். அவர் சரிந்துகொண்டே பந்தை மறுபடி ரோஜர்ஸிடம் தள்ளிவிட்டார். ரோஜர்ஸ் மேரியட் ஃபோர்டிடம் கொடுக்க, ஃபோர்டு ஓடி, மூன்று பேர் மேல் மோதி விழும்போது திரும்பிப் பார்க்காமல் பின்னால் வீசினார். அது மீண்டும் மோயன் கைக்கே வந்தது. ஆக ஐந்து கைமாற்றங்கள். இதற்குள் ஆட்டம் முடிந்ததென்று நினைத்து, ஸ்டான்ஃபோர்டின் 144 பேர் கொண்ட இசைக்குழு வாத்தியங்களோடு களத்தில் இறங்கிவிட்டது. மோயன் அவர்களுக்கு நடுவே புகுந்து ஓடி, எல்லைக்கோட்டைத் தாண்டிக் குதித்து, கேரி டிரெல் என்ற ட்ராம்போன் கலைஞர் மேல் விழுந்தார்.

அந்தக் காலத்தில் கல்லூரிக் கால்பந்தில் வீடியோவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வழக்கம் இல்லை. நடுவர் சார்ல்ஸ் மாஃபெட் சக நடுவர்களைக் கூட்டி வைத்து விசாரித்தார். யாரும் விசில் ஊதவில்லை, எந்தக் கைமாற்றத்திலும் தவறில்லை என்றார்கள். அவர் இரு கைகளையும் உயர்த்தினார். பெர்க்லி 25, ஸ்டான்ஃபோர்டு 20.

நடந்தது இவ்வளவே. இதற்கு மேல் உள்ளவை எல்லாம் உரை, உரைக்கு உரை, இடைச்செருகல்.

ரசிகர் நினைவுகள் பெர்க்லிப் பாடம், ஸ்டான்ஃபோர்டுப் பாடம் என்று இரண்டு மரபுகளாகப் பிரிகின்றன. பெர்க்லிப் பாடத்தில் முழங்கால் என்ற உறுப்பே கிடையாது. அதில் இருப்பது ட்ராம்போன். வானொலி வர்ணனையாளர் ஜோ ஸ்டார்க்கி, இசைக்குழு களத்துக்குள் வந்துவிட்டதென்று தொண்டை கிழியக் கத்தியது அதில் உண்டு. கைமாற்றங்களைச் சரியாக எண்ணிச் சொல்பவர்கள் குறைவு; நான்கு என்பார்கள், ஏழு என்பார்கள். ஸ்டான்ஃபோர்டுப் பாடமோ நீதிமன்றத்தில் தாக்கல் செய்யத் தக்கது. கார்னர் எந்தக் கோணத்தில் சரிந்தார், ஃபோர்டு பந்தை விட்ட இடத்துக்கும் மோயன் பிடித்த இடத்துக்கும் எத்தனை கஜம், அது முன்னோக்கிய எறியா இல்லையா என்றெல்லாம் பத்தி பிரித்துச் சொல்வார்கள். வென்றவனுக்குக் கதை போதும், தோற்றவனுக்குத்தான் சாட்சியம் தேவைப்படுகிறது. ஆகவே நுட்பமான தகவல் வேண்டும் ஆய்வாளர் தோற்ற பக்கத்து ஆளைத் தேடிப்போவது நல்லது. கையில் நேரம் நிறைய இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

இந்தத் துறைக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. 1951 நவம்பரில் பிரின்ஸ்டன், டார்ட்மத் கல்லூரிகள் மோதிய ஆட்டம் அடிதடியாக முடிந்தது. பிரின்ஸ்டனின் நட்சத்திரம் டிக் காஸ்மையருக்கு மூக்கு உடைந்தது. டார்ட்மத் வீரர் ஒருவருக்குக் கால் முறிந்தது. ஆல்பர்ட் ஹேஸ்டார்ஃப், ஹேட்லி கேன்ட்ரில் என்ற உளவியலாளர்கள் இரு கல்லூரி மாணவர்களுக்கும் ஒரே படச்சுருளைப் போட்டுக் காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மத் செய்த மீறல்கள் பிரின்ஸ்டன் கண்ணுக்குச் சராசரியாக 9.8, டார்ட்மத் கண்ணுக்கு 4.3. அவர்களுடைய 1954ஆம் ஆண்டுக் கட்டுரையில் இன்னொரு செய்தியும் வருகிறது. படத்தைப் பார்த்த டார்ட்மத் பழைய மாணவர் ஒருவர், கேள்விப்பட்ட தவறுகள் எதுவும் அதில் தென்படாததால், முக்கியமான பகுதியை வெட்டிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்று முடிவுகட்டி, அதையும் அனுப்பிவைக்கும்படி தந்தி அடித்தாராம். மூலபாட ஆய்வில் இதற்கு இணையான நேர்மை அரிது.

எழுத்துச் சான்றுகளுக்கு வருவோம். பிக் கேமில் வெல்பவருக்குக் கிடைப்பது ஒரு கோடரி. 1899இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் ஒரு பேஸ்பால் ஆட்டத்துக்குக் கொண்டுவந்து ஆட்டியதை பெர்க்லி மாணவர்கள் பறித்து, பிடியை அறுத்துவிட்டு, தலையைக் கோட்டுக்குள் ஒளித்துப் படகேறிக் கடத்தினார்கள். 1930இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 21 பேர், அவர்களில் சிலர் பத்திரிகைப் படக்காரர்கள்போல், வந்து, கண்ணீர்ப் புகை வீசி மீட்டுப்போனார்கள். 1933 முதல் அது முறைப்படியான பரிசு. ஆட்ட முடிவுகள் அதன் பலகையில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. 1982ஆம் ஆண்டு வரி மட்டும் நிலையில்லாதது. கோடரி ஸ்டான்ஃபோர்டு கைக்குப் போனால் அது 20–19 ஆகிவிடும். பெர்க்லிக்குத் திரும்பினால் மறுபடி 25–20. ஸ்டான்ஃபோர்டு 2010 முதல் 2018 வரை தொடர்ந்து ஒன்பது ஆட்டங்களை வென்றது. அந்த ஆண்டுகளில் கோடரியைப் பார்த்த குழந்தைகளுக்குக் கார்னரின் முழங்கால் ஐயத்துக்கு இடமின்றித் தரையில் பட்டது.

போலிச் சுவடியும் உண்டு. ஆட்டம் முடிந்த நான்காம் நாள், ஸ்டான்ஃபோர்டு மாணவர் நாளிதழைச் சேர்ந்தவர்கள் பெர்க்லியின் மாணவர் நாளிதழ்போலவே ஒரு சிறப்பிதழ் அச்சடித்து, பெர்க்லி வளாகத்திலேயே கொண்டுபோய் வைத்தார்கள். கல்லூரி விளையாட்டுகளின் தேசிய அமைப்பு வெற்றியை ஸ்டான்ஃபோர்டுக்கு வழங்கிவிட்டது என்பது செய்தி. ஆயிரக்கணக்கான பிரதிகள் போயின. நம்பிக் கலங்கியவர்களும் உண்டு. ஆனால் இதையே மாணவர் இதழ்களின் துணிச்சலுக்கு எல்லை என்று கொள்ளக் கூடாது. 1968இல் ஹார்வர்டு கடைசி 42 விநாடியில் 16 புள்ளி எடுத்து யேலுடன் 29–29 என்று சமன் செய்தபோது, யேலை ஹார்வர்டு 29–29 என்று தோற்கடித்ததாக ஹார்வர்டு மாணவர் நாளிதழ் தலைப்பிட்டது. அது போலி இதழ் அல்ல, அசல்.

அடுத்து ‘மட்டும்’ இலக்கியம். எல்வே மட்டும் இன்னும் நான்கு விநாடி பொறுத்து டைம் அவுட் கேட்டிருந்தால். வீரர்கள் மட்டும் கொண்டாட ஓடாமல் இருந்திருந்தால். இசைக்குழு மட்டும் வெளியிலேயே நின்றிருந்தால். மூன்றும் ஸ்டான்ஃபோர்டுக்காரர்களே செய்த வேலை என்பதை ஸ்டான்ஃபோர்டுப் பாடம் ஒரே மூச்சில் தாண்டிவிடும். கல்லூரி நாளில், பருவ முடிவில் நடக்கும் பௌல் ஆட்டம் ஒன்றுகூட ஆடாமலே எல்வே தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார். அந்த வருத்தத்தின் முன் மறுவாதம் செய்வது முரட்டுத்தனம்தான்.

சாட்சிகளின் எண்ணிக்கையும் ஆய்வுக்குரியது. அன்று அரங்கம் கொண்டது ஏறத்தாழ 75,000 பேர். நேரில் பார்த்ததாகச் சொல்பவர்கள் அனைவரையும் அதில் உட்கார வைக்க முடியாது. நல்லவேளையாக, அரங்கின் மேல்புறம் ஒரு குன்று இருக்கிறது. காசு கொடுக்காமல் ஆட்டம் பார்ப்பவர்கள் ஏறி உட்காரும் இடம். பெயரே ‘டைட்வாட் ஹில்’, கஞ்சர் குன்று. அன்று அங்கே எத்தனை பேர் என்பதற்குச் சீட்டு ஏதும் கிழிக்கப்படாததால், மிகுதிச் சாட்சிகள் எவ்வளவு பேரானாலும் குன்றிலேயே குடியமர்த்திவிடலாம். நினைவுக்கு இவ்வளவு இடம் கொடுக்கும் வேறொரு அரங்கம் அமையாது.

ட்ராம்போனைப் பற்றி மட்டும் இரு பாடங்களும் ஒத்துப்போகின்றன. டிரெல்லின் நசுங்கிய வாத்தியம் கல்லூரிக் கால்பந்துப் புகழரங்கத்துக்குப் போய்ச்சேர்ந்தது. மோயனும் டிரெல்லும் பிற்காலத்தில் நண்பர்களாகவும் ஆனார்கள்.

கள ஆய்வு செய்ய விரும்புவோருக்கு ஒரு நடைமுறைச் சிக்கல். ஹேவர்டு நிலப்பிளவு அந்த அரங்கின் அடியில், ஏறத்தாழ ஒரு கோல் கம்பத்திலிருந்து மறு கம்பம் வரை ஓடுகிறது. அதன் ஒரு பக்கத்து நிலம் மறுபக்கத்தை உரசியபடி ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் நகர்ந்துகொண்டே இருக்கிறது. முழங்கால் பட்ட, அல்லது படாத, இடம் பிளவுக்கு எந்தப் பக்கம் என்பதை முதலில் நிறுவ வேண்டும். அளவுநாடாவோடு போகிறவர்கள் சீக்கிரம் கிளம்புவது நல்லது.