கறுப்புத் திரையும் ராயகோபுரமும்: முதன்மை ஜன்னல் குறித்து ஓர் ஆய்வு

ஐபோன் செயலி எழுதப் பழகுகிறவர் என்றாவது ஒருநாள் கறுப்புத் திரையைச் சந்தித்தே தீருவார். பிழைச் செய்தி கிடையாது, எச்சரிக்கை கிடையாது. செயலி ஓடிக்கொண்டுதான் இருக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இலந்தைக்குளமானாலும் வடபழஞ்சியானாலும் மதுரையின் கணினி வட்டாரத்தில் இந்நோய்க்கு 'ஸ்கிரீன் பிளாக்கா வருது சார்' என்று பெயர். நோய்முதல் நாடுவதே இவ்வாய்வின் நோக்கம்.

முதற்கண் சொல்லாராய்ச்சி, அது இல்லாத ஆய்வை யார் மதிப்பார்? 'ஜன்னல்' போர்ச்சுக்கீசியரின் 'ஜனேலா'வில் இருந்து வந்தது. அதற்கு முன்பே தமிழரிடம் காலதர் இருந்தது: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஆங்கிலத்தின் 'விண்டோ'வுக்கும் பழைய நார்ஸ் மொழியில் 'காற்றின் கண்' என்றே பொருள். ஒருவரையொருவர் கண்டிராத இரு கூட்டத்தாரும் காற்றை நினைத்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆப்பிள் தந்த 'யூஐவிண்டோ'வில் அந்தக் காற்றும் வராது. அது ஒரு காலிச் சட்டம். தனக்கென்று காட்ட எதுவுமில்லாதது. ஆனாலும் அது இல்லாமல் ஒரு பட்டனைக்கூடத் திரையில் ஏற்ற முடியாது.

சட்டத்துக்குள் ஒரு வியூ, அதற்குள் இன்னொன்று, அதற்குள் வேறொன்று என்று அடுக்கு போகும். மதுரைக்காரருக்கு இதைப் பாடம் நடத்த வேண்டியதில்லை. வெளி வீதிக்குள் மாசி வீதி, அதற்குள் ஆவணி மூல வீதி, அதற்குள் சித்திரை வீதி, மதிலுக்குள் ஆடி வீதி. திரையில் விரல் பட்டால் செய்தி முதலில் ஜன்னலுக்குத்தான் போகிறது. அது ஒவ்வோர் அடுக்காக உள்ளே விசாரித்து, பட்டனைக் கண்டுபிடிக்கிறது. ரயில் நிலையத்தில் இறங்கியவர் வீதி வீதியாகத் தாண்டிக் கோயிலை அடைவதும் இதே கணக்குத்தான்.

சட்டம் வைத்தாயிற்று. இனி எழும் கேள்வி தமிழ்நாட்டுக்குப் பழையது: இந்த வீடு மதுரையா, சிதம்பரமா? உள்ளே யார் ஆட்சி?

ஆப்பிள் அந்த ஆட்சியாளரை 'ரூட் வியூ கன்ட்ரோலர்' என்கிறது. 2008இல் வந்த ஆரம்பகால வார்ப்புருக்களில் 'மெயின்விண்டோ' என்ற பெயரிலேயே ஒரு கோப்பு இருக்கும். ஆட்சியாளர் பதவி 2010இல், ஐஓஎஸ் 4இல்தான் ஜன்னலுக்குக் கிடைத்தது. பதவியைக் காலியாக விட்டால் மட்டும் அந்நாளில் கணினி வாய் திறந்து முணுமுணுத்தது. 2011இல், திரைகளை வரைந்து கோக்கும் ஸ்டோரிபோர்டு வந்தது. எந்தத் திரை முதலில் என்பதை அதில் ஓர் அம்புக்குறி சொல்லிவிடும். மீனாட்சி கோயிலுக்கு நான்கு திசையிலும் ராஜகோபுரங்கள் நிற்க, மரபின் அம்புக்குறி ராஜகோபுரமில்லாத அஷ்டசக்தி மண்டப வாசலைக் காட்டுகிறது. அந்த வழி நேரே அம்மன் சன்னதிக்குப் போகிறது. சொக்கர் அப்புறம்தான். மதுரையா சிதம்பரமா என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை.

ஸ்டோரிபோர்டு வேண்டாம், கையாலேயே வைக்கிறேன் என்று இறங்குகிறவர்களிடம்தான் ஆய்வுப்பொருள் கொட்டிக் கிடக்கிறது. 2019இல் ஐஓஎஸ் 13 வந்ததும் ஜன்னல், 'ஆப் டெலிகேட்' கோப்பின் வீட்டைக் காலி செய்து 'சீன் டெலிகேட்' கோப்பின் வீட்டுக்குக் குடிபோனது. பழைய பாடத்தைப் படித்துப் பழைய முகவரியில் ஜன்னல் வைத்தவர்களுக்கு இருட்டுதான். திட்டத்தின் அமைப்புகளில் ஸ்டோரிபோர்டின் பெயர் இரண்டு இடங்களில் ஒளிந்திருக்கும். ஸ்டோரிபோர்டையே அழித்தவர் அதில் ஒரு பெயரை நீக்க மறந்தால், செயலி திறந்த வேகத்தில் படுத்துவிடும். இன்னொரு வகையினர் ஜன்னலை எங்கும் பிடித்து வைக்காமல் ஃபங்ஷனுக்குள்ளேயே உருவாக்கிவிடுவார்கள். ஃபங்ஷன் முடிந்ததும் நினைவகம் அதைத் துடைத்துவிடும். அழகர் மலைக்குத் திரும்பிய பிறகு மண்டகப்படிப் பந்தலைத் தேடும் கதை.

  

இவ்வளவும் சரியாகச் செய்தும் இருட்டு என்றால், விடுபட்டது பெரும்பாலும் 'மேக் கீ அண்ட் விசிபிள்' என்ற ஒற்றை வரி. ஜன்னல் உருவாகியிருக்கும், ஆட்சியாளரும் அமர்ந்திருப்பார். 'தோன்று' என்று மட்டும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதற்கான மிகப் பழைய சான்று மீனாட்சி கோயிலின் புதுமண்டபத்துக்குக் கிழக்கே, ஏழுகடல் தெரு முகப்பில் நிற்கிறது. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் தொடங்கிய ராயகோபுரம் அது. அடித்தளத்தின் அகலத்தைப் பார்த்தால், 160 அடிக்கு மேல் உயர்ந்த தெற்குக் கோபுரம் இதற்குத் தம்பியாகியிருக்கும். பிரம்மாண்டமான நிலைக்கால்களை நிறுத்தினார்கள். மேலே ஒரு நிலைகூட ஏறவில்லை. சட்டம் தயார், காட்சி வரவில்லை.

நாயக்கரின் கோபுரத்துக்கு அந்தக் கடைசி வரியை இனி எழுத ஆளில்லை. கறுப்புத் திரையோடு உட்கார்ந்திருப்பவர்கள் சீன் டெலிகேட் கோப்பைத் திறந்து ஒருமுறை பார்த்துவிடலாம்.