தளபதி சாக்கடையில் இறங்கினார்

மழைநீர் வடிகாலை ஆய்வு செய்யும் பிரமுகர்களை நாம் பார்க்காததா? வேட்டி நனையாத தூரம், தலைக்கு மேல் யாரோ பிடிக்கும் குடை, எதையோ சுட்டும் விரல். போட்டோ எடுத்ததும் கார் கிளம்பிவிடும்.

இந்தக் கலைக்கு ஆதிகுரு ரோமாபுரி அக்ரிப்பா. ஒரே வித்தியாசம், மனுஷன் நிஜமாகவே உள்ளே போனார். அதுவும் படகில்!

அக்ரிப்பா லேசுப்பட்ட ஆளில்லை. கடற்போரில் ஜெயித்துத் தங்கக் கிரீடம் வாங்கியவர். நாட்டின் உச்சப் பதவியான கான்சலாகவும் இருந்து முடித்தவர். அவர் கி.மு. 33-இல் தெரு, சாக்கடை, திருவிழா பார்க்கும் 'ஈடில்' பதவிக்கு வந்து உட்கார்ந்தார். முதலமைச்சராக இருந்தவர் வார்டு கவுன்சிலருக்கு நாமினேஷன் போட்ட மாதிரி!

ஏன் இந்தத் திடீர் பணிவு? நண்பர் ஆக்டேவியனுக்கும் அவருடைய அதிகாரப் போட்டியாளர் ஆண்டனிக்கும் முட்டிக்கொள்ளும் நேரம் நெருங்கியிருந்தது. ஊர் ஜனம் தங்கள் பக்கம் வேண்டும். ஆகவே குளியல் ஃப்ரீ, எண்ணெய் ஃப்ரீ, உப்பு ஃப்ரீ, திருவிழா நாளில் ஷேவிங்கும் ஃப்ரீ. இலவசத்தைக் கண்டுபிடித்தது தாங்கள்தான் என்று நம்மூரில் சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், பாவம்.

அடுத்தது க்ளோவாகா மாக்ஸிமா. சொகுசு கார் பெயர் போலிருக்கிறதா? 'மகா சாக்கடை' என்று அர்த்தம். சதுப்பாகக் கிடந்த ஃபோரம் என்ற நகரச் சதுக்கத்தின் தண்ணீரை டைபர் ஆற்றுக்கு வடிக்க, அந்தக்கால ராஜாக்கள் வெட்டியதாம். வைக்கோல் வண்டியே நுழையும் என்கிறார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. அதற்கு க்ளோவாகினா என்று ஒரு அம்மன் வேறு. கும்பிடு போடுவது சுலபம், தூர் வாருவதுதான் கஷ்டம்.

அக்ரிப்பா வாரினார். சொந்தக் காசில். (பிரின்டிங் மிஸ்டேக் இல்லை, தைரியமாக இன்னொரு தரம் படியுங்கள்.) பிறகு படகேறி, நகரத்தின் அடிவயிற்றுக்குள்ளேயே போய் டைபரில் வெளிப்பட்டார். துடுப்புப் போட்ட புண்ணியவான் பெயர் வழக்கம்போல சரித்திரத்தில் விட்டுப்போச்சு.

இதற்கு எட்டு வருஷம் முன்னால் ஆண்டனியைப் பார்க்கக் கிளியோபாட்ரா வந்த படகுக்கு ஊதாப் பாய், வெள்ளித் துடுப்பு, வாசனைப் புகை. அதில் விழுந்த ஆண்டனி எழுந்திருக்கவே இல்லை. கி.மு. 31-இல் ஆக்டியத்தில் கடற்போர் நடந்தது. ஜெயித்தது சாக்கடை வாசனை பார்த்தவர்!

ரோமில் பாந்தியன் கோயிலின் நெற்றியில் 'அக்ரிப்பா கட்டியது' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அவர் கட்டியது எரிந்துபோயிற்று. இப்போது நிற்பது பேரரசர் ஹாட்ரியன் காலத்துக் கட்டடம். அதற்கு டிக்கெட் உண்டு. மகா சாக்கடையின் வாய், பொன்டே ரோட்டோ பாலத்துப் பக்கம் இன்னும் இருக்கிறது. அதைப் பார்ப்பது ஃப்ரீ.