ஆஸ்கருக்கு எந்த ஃபில்டர்?

கேள்வி: 300 லிட்டர் தொட்டியில் இரண்டு ஆஸ்கர் மீன்கள் வளர்க்கிறேன். பெட்டியில் ‘மணிக்கு 1,000 லிட்டர்’ என்று போட்டிருக்கும் கேனிஸ்டர் ஃபில்டர் போதுமா?

பதில்: போதாது. அது பெரும்பாலும் காலி டப்பாவில் அளந்த கணக்கு. ஸ்பாஞ்சும் செராமிக் வளையங்களும் நிரப்பி, தண்ணீரைக் கீழிருந்து மேலே ஏற்றச் சொன்னால் வேகம் நன்றாகக் குறைந்துவிடும். ஆஸ்கரோ வாயில் பாதி, தண்ணீரில் பாதி என்று சாப்பிடும் ஆசாமி. மென்ற தீனி செவுள் வழியே தூளாகக் கொட்டுவதைப் பார்த்திருப்பீர்களே! 2,000 லிட்டராவது தள்ளுவதை வாங்குங்கள். அதைவிட முக்கியம், உள்ளே ஸ்பாஞ்ச், வளையம் போன்ற மீடியா வைக்க இடம் தாராளமாக இருப்பது. அம்மோனியாவை ஒழிக்கும் பாக்டீரியா குடியிருப்பது அங்கேதான். வளையங்களைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவவே கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசினால் போதும். கரண்ட் பல மணி நேரம் போய் வந்தால், டப்பாவிலுள்ள கெட்ட நீரைக் கொட்டிவிட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும்.