குறட்டைக்குச் சாட்சி சம்சாரம்

லயத்தில் பிறந்தவனுக்குக் குறட்டை அந்தரங்க விஷயம் அல்ல. ரத்தோட்டைப் பக்கம் நான் வளர்ந்த தோட்டத்து லயத்தில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே சுவர் இருந்தது. ஆனால் அது கூரைத் தகரம்வரை போகவில்லை. கட்டிய துரை கல்லை மிச்சம் பிடித்திருந்தார். அந்த இடைவெளியால் கருவாட்டு வாசம், புருசன் பெண்டாட்டி சண்டை, குறட்டை மூன்றும் வரிசை முழுக்கச் சரிசமமாகப் பங்கிடப்பட்டன. எங்கள் அப்பாவின் குறட்டை மூன்றாவது காம்பராவரை போகும். அது நடுவில் நின்றுவிட்டால் அடுத்த காம்பரா ஆச்சி சுவருக்கு மேலால் குரல் கொடுப்பார்:

"அடியே, எழுப்பிப் பாரு. ஆளு இருக்காரா?"

கொஞ்ச நேரத்தில் அப்பா 'ஹக்' என்று ஒரு சத்தம் போட்டு மூச்சை இழுத்து, விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். வரிசை நிம்மதியாகத் தூங்கப் போகும்.

அந்த ஆச்சி பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ஆனாலும் ஆபத்து சத்தத்தில் இல்லை, சத்தம் நிற்கிற இடத்தில்தான் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அமெரிக்காவில் ஸ்டான்போர்டில் கில்லெமினோ என்ற டொக்டரின் குழு 1976இல் இதைத் தூக்க மூச்சுத்தடை நோய் என்று விரித்து எழுதியபோது, ஆச்சி பென்சன் எடுத்திருந்தார்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அப்பா நின்றபடியே தூங்குவார். தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி தூங்குவார். "சோம்பேறி" என்று கங்காணி பட்டம் கொடுத்தார். யாரும் அவருக்குப் பிரசர் பார்த்ததில்லை. அவர் எனக்கு விட்டுப்போன சொத்து அந்தத் தொண்டை ஒன்றுதான். தம்பிமார் யாரும் பங்குக்கு வரவில்லை.

மாத்தளை டவுனில் வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றபோது கையில் ஒரு பென்சனும் ஒரு கிளினிக் கொப்பியும் இருந்தன. கொப்பியில் பிரசர் 160க்குக் கீழே இறங்க மறுத்தது. முதலில் லொசாட்டன். பிறகு அதோடு அம்லோடிபின். பிறகு மூத்திரம் போகிற குளிசை ஒன்று. ஒவ்வொரு தடவையும் டொக்டர் கேட்பது ஒரே கேள்வி: "உப்புக் குறைச்சீங்களா?" வீட்டில் உப்பு குறைந்தது, நெத்தலி மறைந்தது, கட்டச் சம்பல் வெறும் மிளகாயாக மாறியது. பிரசருக்கு இதெல்லாம் தெரியவே தெரியாததுபோல் நின்ற இடத்தில் நின்றது.

ஒருநாள் கிளினிக்கில் புது டொக்டர். என் மகளைவிட இளையவர். கொப்பியைப் புரட்டிவிட்டு உப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், குறட்டை விடுவேனா என்று சிங்களத்தில் கேட்டார்.

"தெரியாது டொக்டர். அந்த நேரம் நான் தூங்கிக்கிட்டிருப்பேன்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

பக்கத்தில் என் சம்சாரம். சந்தையில் கத்தரிக்காய்க்கு விலை பேசுமளவு சிங்களம்தான் அவளுக்கு. அன்றைக்கு அது மகாவலிபோல் பெருகியது. எத்தனை மணிக்குத் தொடங்கும், எப்படி ஏறும், எந்த இடத்தில் நிற்கும், அவள் எந்தக் காலால் உதைப்பாள் எல்லாம் சொன்னாள். வார்த்தை போதாத இடத்தில் சத்தமாகவே செய்து காட்டினாள். மூக்கால் இழுத்து, தொண்டையை அடைத்து, முந்தானையை வாயில் பொத்தி, கண்ணை உருட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே வாங்கில் இருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். டொக்டர் மணிக்கூட்டைப் பார்த்துச் செக்கன் எண்ணினார். 'ஹக்' வந்ததும் வாங்கில் ஒரு பெருமூச்சு.

"ஏங்க, சரியாத்தானே செஞ்சேன்?" என்று என்னையே கேட்டாள். நான் எப்படிச் சொல்வேன்?

டொக்டர் விளக்கியதை நான் லயத்துப் பாஷையில் சொல்கிறேன். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்கிறது, நாக்கு பின்னால் சரிகிறது, மூச்சுப் பாதை மூடிக்கொள்கிறது. நெஞ்சு இழுக்கிறது, காற்று வரவில்லை. இப்படி 10 செக்கனுக்குக் குறையாமல் நின்றால்தான் கணக்கில் சேர்ப்பார்கள். இரத்தத்தில் ஒட்சிசன் இறங்கியதும் மூளை பதறி நரம்புகளுக்குச் செய்தி அனுப்புகிறது. அந்தக் காலத்தில் தோட்டத்தில் விடியற்காலை பெரட்டுத் தப்பு அடிப்பார்கள். அடித்ததும் லயமே பதறி எழும்பும். அந்தத் தப்பை நடுச்சாமத்தில் மணிக்கு முப்பது தடவை அடித்தால் எப்படியோ அப்படி. இதயம் துள்ளும், இரத்தக் குழாய் இறுகும், பிரசர் எகிறும். ஆள் முழுதாக விழிப்பதும் இல்லை, காலையில் ஒன்றும் நினைவில் இருப்பதும் இல்லை.

நோயில்லாத மனிதருக்கு ராத்திரியில் பிரசர் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்கும். இதயத்துக்கும் குழாய்களுக்கும் கிடைக்கும் லீவு அது ஒன்றுதான். எங்களுக்கு அந்த லீவு ரத்து. இரவெல்லாம் தப்பு கேட்டுப் பழகிய நரம்பு பகலிலும் இறுக்கத்தை விடுவதில்லை. கிளினிக்கில் காலை எட்டு மணிக்குக் கையில் பட்டி சுற்றிப் பார்ப்பது ராத்திரிக் குற்றத்தின் தடயத்தை. குற்றவாளியைப் பிடிக்கக் கட்டிலுக்கல்லவா போக வேண்டும்! அமெரிக்காவில் விஸ்கான்சினில் 709 பேரை நாலு வருசம் பின்தொடர்ந்து 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். மணிக்கு 15 தடவையும் அதற்கு மேலும் மூச்சுத் தடைப்பட்டவர்களுக்குப் பிரசர் வரும் வாய்ப்பு, தடையே இல்லாதவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. அந்த ஆராய்ச்சிக்காரர்கள் ஆளைத் தூங்க வைத்து உடம்பெல்லாம் வயர் ஒட்டினார்கள். எங்கள் ஆச்சி வயர் இல்லாமலே எண்ணியிருப்பார்.

இலங்கையில் குறட்டையைப் பற்றி எழுதுகிறவன் கும்பகர்ணனை இழுக்காமல் விடுவதில்லை. நான் விடுகிறேன். ஆறு மாதம் தூங்குகிற அவன் எழுப்பியதும் போருக்குப் போனான். நாங்கள் எட்டு மணித்தியாலம் தூங்கி எழுந்து பஸ்ஸில் தூங்குகிறோம். கண்டியில் மாத்தளை பஸ் ஏறுகிற நான் வழியில் வரும் அக்குறணையைக் கண்ணால் பார்த்துப் பல காலம். இந்தப் பகல் தூக்கத்தை அளக்கவும் ஒரு பரீட்சைத் தாள் இருக்கிறது. மெல்பேர்னில் மரே ஜோன்ஸ் என்ற டொக்டர் 1991இல் தயாரித்தது. எட்டுக் கேள்வி, 24 புள்ளி. புத்தகம் வாசிக்கும்போது கண் சொருகுமா, ஆளோடு பேசிக்கொண்டிருக்கும்போதே சொருகுமா என்று போகும். 10க்கு மேல் எடுத்தால் ஆகாது. வாழ்க்கையில் நான் அதிகப் புள்ளி எடுத்து வெட்கப்பட்ட ஒரே பரீட்சை.

மருந்துக்கு வருவோம். சம்சாரத்தின் வைத்தியம் முதலில். மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரிவது கூடும், ஒருக்களித்தால் குறையும் என்று டொக்டர் சொல்லி, வெளிநாட்டில் சேர்ட்டின் முதுகில் டெனிஸ் பந்து தைப்பார்கள் என்று சிரித்தார். மாத்தளையில் டெனிஸ் பந்துக்கு எங்கே போவது? என் பனியனின் முதுகில் பை தைத்து, தோட்டத்து ஜாதிக்காயை ஓட்டோடு போட்டாள். ஜாதிக்காய் தூக்கம் தரும் என்று பாலில் உரைத்துக் கொடுப்பார்கள். முதுகுக்குக் கீழே இருந்தால் தூக்கத்தை விரட்டுகிறது.

நாலந்தாப் பக்கம் போகிற வழியில் ஒரு வாசனைத் தோட்டத்துத் தம்பி, வெள்ளைக்காரர்களை விட்டுவிட்டு எனக்கொரு எண்ணெய் காட்டினான். மூக்கில் ரெண்டு சொட்டு. அதே போத்தல் மூட்டு வலிக்கும் முடி உதிர்வதற்கும் ஆகுமாம். வாங்கினேன். மூட்டுக்குப் பரவாயில்லை.

கடைசியில் ராத்திரி முழுக்க மூச்சை எண்ணும் பரிசோதனை. என் கணக்கு முப்பதைத் தாண்டியது. அது கடுமை என்கிற வகுப்பு. மகள் கொழும்பிலிருந்து மெசின் வாங்கி அனுப்பினாள். மூக்கில் கவசம், அதிலிருந்து ஒரு குழாய். காற்று அழுத்தத்தாலே தொண்டையைத் திறந்து வைத்திருக்கும். சிட்னியில் கொலின் சலிவன் என்ற டொக்டர் கண்டுபிடித்து 1981இல் எழுதி வெளியிட்டது. ஆரம்பத்தில் தூசி உறிஞ்சும் மெசினின் மோட்டரை வைத்துத்தான் காற்று ஊதியிருக்கிறார். தூக்கத்தோடு இந்த அவுஸ்திரேலியாக்காரர்களுக்கு என்னதான் வழக்கோ!

மெசின் வந்ததும் குளிசையை வீசிவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. மெசினால் பிரசர் சராசரியாக இறங்குவது இரண்டு, மூன்று புள்ளிதான். என்னைப்போல் மூன்று குளிசைக்கும் மசியாதவர்களுக்குக் கொஞ்சம் கூட இறங்கலாம். அதுவும் இரவில் நாலு மணித்தியாலமாவது மூக்கில் இருந்தால். கழற்றி மேசையில் வைத்தால் மேசைக்கு நல்லது. என் பிரசர் இப்போது 140க்குப் பக்கத்தில். உப்பு இன்னும் வீடு திரும்பவில்லை.

அவுஸ்திரேலியா விவகாரத்தில் இன்னொன்று உண்டு. அங்குள்ள ஆதிக்குடிகளின் டிஜிரிடூ என்ற நீள ஊதுகுழலை நாலு மாதம் பழகியவர்களுக்கு மூச்சுத்தடை குறைந்ததாகச் சுவிட்சர்லாந்தில் 25 பேரை வைத்து ஒரு ஆராய்ச்சி, 2006இல் வந்தது. தொண்டைத் தசைக்கு அப்பியாசம். 2017இல் சிரிக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்கான இக் நோபலில் அதற்குச் சமாதானப் பரிசு. குடும்பச் சமாதானத்தைத்தான் சொல்கிறார்கள்போல. டிஜிரிடூ இல்லாவிட்டால் என்ன, நாதஸ்வரம் இருக்கிறதே! மாசி மகத்துக்கு மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் ஐந்து தேரும் வீதிக்கு வரும் நாளில், வாசித்துக் களைத்துச் சோடா குடித்துக்கொண்டிருந்த வித்துவானைப் பிடித்தேன்.

"அண்ணே, எனக்கு ஊதச் சொல்லித் தருவீங்களா? பிரசருக்கு நல்லதாம்."

அவர் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு குளிசை அட்டையை எடுத்துக் காட்டினார். லொசாட்டன். "நானே இதைப் போட்டுக்கிட்டுத்தான் மாஸ்டர் ஊதுறேன்."

"குறட்டை விடுவீங்களா?"

"சேச்சே, கிடையாது."

பக்கத்தில் பூத்தட்டோடு நின்ற அவர் சம்சாரம் தட்டைக் கீழே வைத்தார். சொல்லத் தொடங்கினார். முதல் தேர் போனது, இரண்டாவது போனது. மூன்றாவது திரும்பும்போது மூக்கால் செய்து காட்டிக்கொண்டிருந்தார். அடுத்த கிளினிக்குக்கு வித்துவானையும் கூட்டிப் போகிறேன். அந்த அம்மாவையும் கட்டாயம் வரச் சொல்லியிருக்கிறேன்.